போலீஸ் கேட்காத இன்சூரன்ஸ்: ஊத்தங்கரை வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளர், பொருளாளர் இருவருக்கும், கடை வைத்துப் பிழைக்கிற அண்ணன்மார், அக்காமார், தம்பிகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் தம்பி பேசுவதற்குப் பத்து நிமிடம் கேட்டார். செயலாளர் அண்ணன் மைக்கை வாங்கி, "சட்டம் எதைக் கேக்குதோ அதை மட்டும் கட்டுவோம். மத்ததெல்லாம் ஏஜென்ட் பொழைக்கறதுக்கு" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அவர் சொன்னபடியே பல வருடம் நடந்து பார்த்தவன் நான். என்ன ஆயிற்று என்பதை அன்றைக்கே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன்.

2024 டிசம்பர் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து விட்டது, இனி நமக்கென்ன என்று கடையைப் பூட்டிவிட்டுப் போனோம். விடிவதற்குள் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை. கடலோர ஊர்கள்கூட அப்படியொரு மழையை எப்போதாவதுதான் பார்த்திருக்கும். ஏரி நிரம்பி வந்த தண்ணீரில், பேருந்து நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அட்டைப் பெட்டி மாதிரி உருண்டு போனதை நாடே செல்போனில் பார்த்தது. அவற்றோடு போனது என் குட்டி யானையும். போச்சம்பள்ளிச் சந்தைக்கும் சிங்காரப்பேட்டைக்கும் எண்ணெய் டின் ஏற்றிப்போகிற வண்டி.

வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் அது தேர்ட் பார்ட்டி. வண்டிக்கு ஏழு வயதாகிவிட்டது, பழைய வண்டிக்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ் என்று நானே வேண்டாமென்று சொன்னது. மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அது இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை சிறைக்கும் வழி இருக்கிறது. அந்த 2,000 ரூபாய்க்குப் பயந்து கட்டினேனே தவிர, கட்டியது யாருக்காக என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் வண்டி இடித்து வேறொருவர் செத்தாலோ, கை கால் போனாலோ அவர் குடும்பத்துக்குப் பணம் கிடைக்க வேண்டும், அதற்குத்தான் தேர்ட் பார்ட்டி. என் வண்டி வெள்ளத்தில் போனால் சட்டத்துக்கு ஒரு கவலையும் இல்லை. ஏன் இருக்க வேண்டும்? என் வண்டி, என் பாடு.

வண்டியை மண்ணிலிருந்து தோண்டி எடுத்துச் சரிசெய்ய 1,40,000 ரூபாய் ஆனது. பக்கத்துக் கடைத் தம்பியின் காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தும் எஞ்சின் செலவைத் தரவில்லை. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகச் சாவியைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறான். உள்ளே தண்ணீர் நிற்கும்போது எஞ்சினைச் சுற்றவிட்டுக் கெட்டால், அது வெள்ளத்தால் வந்த சேதம் இல்லை, உன்னால் வந்த சேதம் என்கிறார்கள். எஞ்சினுக்கென்று தனியாக ஒரு கூடுதல் பாதுகாப்பு வாங்கியிருந்தால்தான் அதற்குப் பணம் வரும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போகவேண்டும் என்ற ஒரு வரியை மட்டுமாவது சங்கத்தின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுங்கள்.

வண்டிக்கதை சின்னக்கதை. கடைக்கதைதான் பெரியது.

என்னுடையது மரச்செக்கும் எண்ணெய்க் கடையும் என்பது உங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்த வங்கி வருடா வருடம் என் கணக்கிலிருந்து இன்சூரன்ஸ் பணத்தை எடுத்துக்கொள்ளும். பாஸ்புக்கில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். பாலிசி எங்கே என்று நான் கேட்டதில்லை, அவர்களும் கொடுத்ததில்லை. வெள்ளம் வடிந்தபின் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இருபது பக்கத்துக்கு மேல், கடுகு சைஸ் எழுத்து. அதில் என் சரக்குக்குப் போட்டிருந்த மதிப்பு 5 லட்சம். ஏன் 5 லட்சம்? கடன் 5 லட்சம். தன் பணம் திரும்பி வர எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு வங்கி இன்சூரன்ஸ் போட்டிருக்கிறது. கடையில் அன்றைக்கு இருந்த சரக்கோ 8 லட்சத்துக்கு. நிலக்கடலைப் பருப்பு, எள், கொப்பரை, டின்னில் அடைத்த எண்ணெய், புண்ணாக்கு எல்லாம் சேர்த்து.

நனைந்து வீணானது 3 லட்சத்துக்கு. பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கிறதே, 3 லட்சமும் வந்துவிடும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். நட்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார், நல்ல மனிதர், கால் சட்டையை மடித்துக்கொண்டு சேற்றில் நின்று மூட்டை எண்ணினார். அப்புறம் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். "உங்ககிட்ட 8 லட்சம் சரக்கு. நீங்க 5 லட்சத்துக்குத்தான் இன்சூர் பண்ணியிருக்கீங்க. அப்படின்னா எட்டுல மூணு பங்கு நட்டத்தை நீங்களே ஏத்துக்கறதா அர்த்தம். மூணு லட்சத்துல எட்டுல அஞ்சு பங்கு, 1,87,500. அதுல நீங்க ஏத்துக்க வேண்டிய கழிவு கொஞ்சம் போகும்." கைக்கு வந்தது 1,80,000-க்கும் கொஞ்சம் குறைவு. அதுவும் நேராகக் கடன் கணக்கில் போய் உட்கார்ந்தது.

இரண்டு தெரு தள்ளி என் குடோனில் இன்னொரு 2 லட்சத்துக்குக் கடலை மூட்டை நனைந்து முளைவிட்டது. அதற்கு வந்த பணம் பூஜ்யம். பாலிசியில் கடையின் கதவு எண் மட்டும்தான் இருந்தது, குடோன் விலாசம் இல்லை. சர்வேயர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. எழுதாத இடத்துக்கு அவர் எப்படி எழுதுவார்?

சரக்கின் முழு மதிப்புக்கும் இன்சூரன்ஸ் போட்டிருந்தால் கூடுதலாக எவ்வளவு ஆகியிருக்கும் என்று பிறகு விசாரித்தேன். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள். இதைக் கேட்ட ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால் செயலாளர் அண்ணன் சொன்னதற்கு என் பதில் இது. சட்டம் கேட்கிற இன்சூரன்ஸ் எல்லாமே நம்மால் அடுத்தவருக்கு வருகிற நட்டத்துக்காக. வங்கி கேட்கிற இன்சூரன்ஸ் வங்கிக்காக. நம் நட்டத்துக்கான இன்சூரன்சை எந்த அதிகாரியும் வந்து கேட்கமாட்டார். கேட்பதை மட்டும் கட்டுவோம் என்றால், ஊரில் எல்லோரையும் காப்பாற்றிவிட்டு நம் கடையை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறோம் என்று பொருள்.

இன்னொன்று. சட்டம் கேட்பதையாவது நாம் சரியாகக் கட்டுகிறோமா? அதிலும் நமக்கு ஓட்டை இருக்கிறது. வண்டியை விட்டுவிடுங்கள், அதைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நம்மிடம் வேலை செய்கிறவர்கள் விஷயத்தைச் சொல்கிறேன்.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமென்றால் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, கட்டாயம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. மாதம் 15,000 வாங்குகிற ஒருவருக்கு நம் கையிலிருந்து போவது 488 ரூபாய். நம் ஊர் ஓட்டல்களிலும் ஜவுளிக் கடைகளிலும் பதிவேட்டில் எட்டுப் பேர், அடுப்படியில் நாலு பேர், தீபாவளிக்கு வந்து தங்கிவிட்ட மூன்று பேர் என்று இருக்கும். எண்ணும்போது எல்லோரையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஒரு தடவை பத்தைத் தொட்டு உள்ளே வந்துவிட்டால், அப்புறம் ஆள் குறைந்தாலும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதும் விதி. இதைத் தண்டச் செலவு என்று பலர் மறைக்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. வேலையில் ஒருவர் இறந்துபோனால் அவர் சம்பளத்தில் 90 சதவீதத்தைக் குடும்பத்துக்கு மாதா மாதம் இஎஸ்ஐ கொடுக்கிறது, முதலாளி தனியாக நட்டஈடு தர வேண்டியதில்லை. பதிவு செய்யாமல் மறைத்தவரிடம் மட்டும், குடும்பத்துக்குக் கொடுத்ததை வசூலிக்க அதிகாரம் இருக்கிறது. 488 ரூபாய்க்கு இவ்வளவு பெரிய குடையை யார் தருவார்கள்? இருபது பேரோ அதற்கு மேலோ இருந்தால் பிஎஃப் வேறு வருகிறது. அதற்குள்ளேயே தொழிலாளி ஒரு பைசா கட்டாத ஆயுள் காப்பீடு 7 லட்சம் வரை இருக்கிறது. கட்டுகிற முதலாளிகளில் பாதிப்பேருக்கு அது தெரியாது என்பது என் அனுமானம்.

என்னிடம் நாலு பேர்தான், இஎஸ்ஐ இல்லை, எனக்கு ஒரு பொறுப்பும் இல்லை என்றுதான் நானும் இருந்தேன். இது எவ்வளவு தப்பு என்று ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சான் சொல்லித்தான் தெரியும். அங்கே பெரிய கம்பெனிகளுக்குள் வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டுமென்றால் டபிள்யூசி பாலிசி, அதாவது தொழிலாளிக்கு நட்டஈடு கொடுப்பதற்கான இன்சூரன்ஸ், இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்களாம். இஎஸ்ஐ இல்லாத தொழிலாளி வேலையில் செத்தாலோ உறுப்பு இழந்தாலோ நட்டஈடு முதலாளி தலையில். 1923-ஆம் வருடத்திலிருந்து இருக்கிற சட்டம் இது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நடக்கிற விபத்தையும் இப்போது சேர்த்துவிட்டார்கள். ஒரே ஒரு ஆள் வைத்திருந்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு.

எவ்வளவு என்று கேட்டால் வயிற்றைக் கலக்கும். முப்பது வயதுப் பையன், மாதம் 15,000 சம்பளம் என்று வையுங்கள். சம்பளத்தில் பாதி 7,500. அதை முப்பது வயதுக்குச் சட்டத்தில் போட்டிருக்கும் 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 15,59,850 ரூபாய். நம்மில் எத்தனை பேர் கடையை விற்காமல் இந்தப் பணத்தைக் கொடுக்க முடியும்? செக்கில் கை மாட்டுவதற்கு ஒரு நொடி போதும். ஏணியில் ஏறி மேல்தட்டு டின்னை எடுக்கிற பையன் வழுக்கி விழ அதுவும் வேண்டாம். டபிள்யூசி பாலிசி எடுத்தால் இந்தத் தொகையை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும். பிரீமியம் வேலையின் ஆபத்தையும் மொத்தச் சம்பளத்தையும் பொறுத்தது. ஆனால் உண்மையான ஆள் கணக்கையும் உண்மையான சம்பளத்தையும் எழுத வேண்டும். நாலு பேருக்கு இரண்டு பேர் என்று எழுதி மிச்சம் பிடிப்பவர்கள், எந்த இரண்டு பேருக்கு விபத்து வரும் என்று முன்கூட்டித் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

குட்டி யானைக்குத் திரும்பவும் வருகிறேன், ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போவதென்றால் பின்னால் பாய் விரித்து இருபது பேரை ஏற்றுகிறோமே, அவர்களுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரரோ அவர் அனுப்பிய ஆளோ கூட வரலாம், சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. சும்மா ஏறியவர்களுக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சில வழக்குகளில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அதை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பு வரும். அப்போது வீடு ஏலத்துக்கு வரும். சொந்த உபயோகம் என்று பதிவு செய்த காரில் காய்கறி ஏற்றுகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

ஓட்டல், டீக்கடை, பேக்கரி வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களில் சிலர் வீட்டு சிலிண்டரைக் கடைக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். எண்ணெய் நிறுவனங்கள் கேஸ் வாடிக்கையாளர்களுக்காக ஒரு இன்சூரன்ஸ் வைத்திருக்கின்றன. கேஸால் விபத்து நடந்து உயிர் போனால் ஆளுக்கு 6 லட்சம், மருத்துவச் செலவு ஆளுக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. நாம் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் சொத்துச் சேதத்துக்குப் பதிவு செய்த விலாசத்தில் விபத்து நடந்திருக்க வேண்டும். வீட்டு விலாசத்துக்குப் பதிவான சிலிண்டர் கடையில் வெடித்தால் என்ன பதில் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 19 கிலோ சிலிண்டருக்கும் வீட்டு சிலிண்டருக்கும் உள்ள விலை வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய், கடைக்கு எடுத்த தீ பாலிசியையும் சிக்கலில் மாட்டிவிடுகிறோம்.

பட்டாசுக் கடைக்காரர்களுக்கும் ஆசிட், அமோனியா மாதிரிப் பொருள் வைத்திருப்பவர்களுக்கும் 1991-ஆம் வருடப் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. போபால் விஷவாயுவுக்குப் பிறகு வந்தது. ஆபத்தான பொருளைக் குறிப்பிட்ட அளவுக்குமேல் வைத்திருப்பவர், அக்கம்பக்கத்தாருக்கு நட்டம் வந்தால் கொடுப்பதற்காகக் கட்டாயம் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்து இடிந்தன. அந்தக் கட்டடங்களில் இருந்தவர்கள் பட்டாசையே தொடாதவர்கள். அன்று காலையில் கடையைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்த பக்கத்துக் கடைக்காரர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கலாம். நம்மிடம் தப்பில்லை, சட்டம் கேட்டதெல்லாம் கட்டியிருக்கிறோம், கடை மட்டும் இல்லை.

சரி, கட்டாயமில்லாததில் எதை எடுப்பது? எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னால் நானும் அந்த ஏஜென்ட் தம்பி மாதிரி ஆகிவிடுவேன். என் கணக்கில் முதல் இடம் தீ பாலிசிக்கு. தீ என்று பெயர்தானே தவிர வெள்ளம், புயல், இடி, கலவரம், வண்டி வந்து சுவரில் மோதுவது எல்லாம் அதில் அடங்கும். 2021 ஏப்ரல் முதல் சின்ன வியாபாரிகளுக்கென்று எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. பெயர் பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. வாயில் நுழையாது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் இருக்கும் கட்டடம், சாமான், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடிக்குள் இருக்கிற நம் மாதிரி ஆட்களுக்கானது. எனக்கு நடந்த மாதிரி மதிப்பைக் குறைத்துப் போட்ட பிரச்சினைக்கு அதில் ஒரு சலுகை உண்டு. குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். என் குறைவு 37 சதவீதத்துக்கும் மேல். சலுகை எட்டவில்லை.

மதிப்பு போடும்போது வாங்கின விலையைப் போடுங்கள். லாபத்தைச் சேர்த்து விற்கிற விலையைப் போட்டால் பிரீமியம்தான் கூடும், பணம் வாங்கின விலைக்குத்தான் வரும். வருடத்தில் எந்த மாதம் சரக்கு அதிகம் நிற்கிறதோ அந்த மாதத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஜவுளிக்குத் தீபாவளிக்கு முந்தைய மாதம். மாங்கூழ்த் தொழிற்சாலைக்கு டின், சர்க்கரை என்று சப்ளை செய்பவர்களுக்குப் பெங்களூரா மாங்காய் இறங்குகிற ஜூன், ஜூலை. எனக்குக் கடலை அறுவடை. நடுவில் சரக்கு ஏறினால் ஒரு கடிதம் கொடுத்து, மிச்சப் பிரீமியத்தைக் கட்டி, தொகையை ஏற்றிக்கொள்ளலாம். குடோன், தறி ஷெட், வீட்டு மாடியில் அடுக்கியது என எந்த இடத்தில் சரக்கு இருந்தாலும் அந்த விலாசம் பாலிசியில் இருக்க வேண்டும். வங்கி போட்ட பாலிசியாக இருந்தாலும் நாம் கேட்டு மாற்றலாம். கடன் கொடுத்த சொத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்று வங்கி கேட்பது நியாயம். இந்தக் கம்பெனியில்தான் எடுக்க வேண்டும் என்பதும், கடன் வேண்டுமானால் கூடவே ஒரு ஆயுள் பாலிசி எடு என்பதும் நியாயமில்லை, விதியும் இல்லை. அப்படித் தலையில் கட்டிய ஆயுள் பாலிசியைக் கையில் கிடைத்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கலாம்.

பில் விஷயம். ஜிஎஸ்டி வியாபாரியிடம் வாங்கியதற்குக் கணக்கு போர்ட்டலிலேயே இருந்தது, பில் நனைந்தாலும் தப்பித்தேன். விவசாயிகளிடம் களத்தில் வாங்கிய கடலைக்கு இருந்த ஒரே சாட்சி ஒரு நோட்டு. அதுவும் கல்லாவுக்குக் கீழ்த்தட்டில் இருந்து கஞ்சியாகிவிட்டது. இப்போது மாதம் முதல் தேதி மூட்டை அடுக்கை நாலு பக்கமும் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பிவிடுகிறேன். அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள். "அப்பா, குட்மார்னிங் மெசேஜுக்குப் பதிலா கடலை மூட்டையா?" என்று கேட்கிறாள்.

திருட்டுக்குத் தனி பாலிசி. பூட்டை உடைத்தோ ஷட்டரைக் கிளப்பியோ உள்ளே புகுந்த அடையாளம் இருந்தால்தான் அதில் பணம். கூட இருக்கிற ஆளே எடுத்தால் அதற்கு வேறொரு பாலிசி. நம் அளவுக்கு அது தேவையா என்றால், என் அபிப்பிராயத்தில் தேவையில்லை. நகைக்கடை, அடகுக்கடைக்காரர்கள் வேறு முடிவுக்கு வரலாம். சந்தைக்குப் பணம் கொண்டு போகிறவர்கள், ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டிகளில் வியாபாரம் செய்கிறவர்கள் வழியில் பணம் பறிபோவதற்கான பாதுகாப்பைப் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆளுக்கு வருடம் 20 ரூபாயில் விபத்துக்கு 2 லட்சம், 436 ரூபாயில் எந்தச் சாவுக்கும் 2 லட்சம் என்று வங்கியில் இரண்டு திட்டங்கள் இருக்கின்றன. முதலாவது 70 வயது வரை, இரண்டாவது சேர 50 வயது வரை. இரண்டும் சேர்த்து 456 ரூபாய். என் கடையில் நாலு பேருக்கும் நானே கட்டுகிறேன், 1,824 ரூபாய், தீபாவளிக்கு ஒருவருக்கு எடுக்கிற துணியைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் இதைக் கட்டியதால் டபிள்யூசி பொறுப்பு போய்விடும் என்று நினைக்க வேண்டாம், இரண்டும் வேறு வேறு. நமக்கும் வீட்டாருக்கும் மருத்துவ பாலிசி எடுக்காமல் ஒத்திப்போட்டவர்களுக்கு ஒரு செய்தி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ, ஆயுள் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. முன்பு 18 சதவீதம் இருந்தது.

கம்பெனி பணம் தராமல் இழுத்தாலோ நியாயமில்லாமல் குறைத்தாலோ என்ன செய்வது என்று சிலர் கேட்டீர்கள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் ஆகியும் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. 50 லட்சம் வரையிலான தகராறை அவர் விசாரிக்கலாம். தனி முதலாளியாகக் கடை நடத்துகிறவர்களும் குறுந்தொழில் செய்கிறவர்களும் அங்கே போக முடியும். கம்பெனி கைவிரித்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார் எண் 155255. என் விஷயத்தில் நான் அங்கே போகவில்லை. பாலிசியில் எழுதியிருந்தபடிதான் அவர்கள் கொடுத்தார்கள். படிக்காமல் இருந்தவன் நான்தான்.

சங்கத்திடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. அந்த ஏஜென்ட் தம்பியை இன்னொரு முறை கூப்பிடுங்கள் என்றும் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தன் பாலிசியைக் கையில் எடுத்து வரட்டும். பாலிசி வங்கியில் இருக்கிறவர்கள் இந்த வாரமே போய் நகல் கேட்டு வாங்கட்டும், அது அவர்கள் உரிமை. ஒவ்வொரு பாலிசியிலும் நாலே நாலு விஷயத்தை மட்டும் தமிழில் உரக்கப் படித்துச் சொல்வோம். எந்த விலாசம், எவ்வளவு தொகை, என்றைக்கு முடிகிறது, பணம் யார் கைக்குப் போகிறது. நம் சங்கத்தில் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிற வீடு நிறைய. பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். ஒன்றாகப் போய்க் கேட்டால் கம்பெனிக்காரர் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் தரமாட்டேன் என்று சொல்லவா போகிறார்? வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசிக்குள் இது நடக்க வேண்டும். தண்ணீர் வாசலுக்கு வந்தபிறகு யாரும் பாலிசி தரமாட்டார்கள், பிரீமியம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பொறுப்பே தொடங்கும்.

செயலாளர் அண்ணா, என்மேல் வருத்தம் வேண்டாம். வெள்ளத்தன்று உங்கள் கடை மேட்டில் இருந்ததால் தப்பித்தது, எங்களுக்கெல்லாம் மூன்று நாள் சோறு உங்கள் கடையிலிருந்துதான் வந்தது. அதை மறந்து எழுதவில்லை. கூட்டத்தில் முதலில் என் பாலிசியைப் படித்துக் காட்டுகிறேன், பழையதையும் புதியதையும். புதியதில் குடோன் விலாசம் ஏறிவிட்டது. எல்லோரும் மறக்காமல் மூக்குக்கண்ணாடி எடுத்து வாருங்கள், எழுத்து ரொம்பச் சின்னது.

இப்படிக்கு,
உங்களில் ஒருவன்,
மரச்செக்கு எண்ணெய்க் கடை,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.